ரிமோட்டாக வெளிநாட்டு டெவலப்பரை எடுக்கப்போகிறீர்களா? முதலில் வேலையை எழுதிப் பாருங்கள்

செலவு குறைவான நாட்டிலிருந்து ஒரு டெவலப்பரையோ, டெஸ்டரையோ, சர்வர்களைக் கவனிக்கும் ஆளையோ ரிமோட்டாக எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் சம்பளம் குறைவு?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது: "வருகிறவருக்கு முதல் மாதம் என்ன வேலை? எழுதிக் காட்டுங்கள்." எழுதிக் காட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல ஆள் அமைந்துவிடுகிறது. எழுத வராதவர்களுக்கு யார் வந்தாலும் சில மாதங்களில் மனக்கசப்புதான்.

பல வருடம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தேன். இப்போது ஆன்லைன் பணப் பரிவர்த்தனை மென்பொருள் செய்யும் ஒரு சின்ன டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் எடுப்பவருக்கு எது பயம், வருபவருக்கு எது பயம் என்று இரண்டும் தெரியும். இரண்டு பயத்துக்கும் காரணம் ஒன்றுதான். ஒரே அலுவலகத்தில் இருந்தால் பாதி விஷயங்கள் சொல்லாமலே நடந்துவிடும். பக்கத்து சீட்டில் கேட்கலாம், முகத்தைப் பார்த்தே சிக்கலைக் கண்டுபிடிக்கலாம், சம்பளம் வரவில்லை என்றால் நேரே போய் நிற்கலாம். தூரத்தில் அதெல்லாம் இல்லை. அவை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கத் தயாராக இருந்தால் மேலே படியுங்கள்.

விளம்பரம்

"பேக்எண்ட் டெவலப்பர் தேவை, ஐந்து வருட அனுபவம், டீமோடு ஒத்துப்போக வேண்டும்" என்று போட்டால் எல்லா நாட்டிலிருந்தும் விண்ணப்பம் குவியும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நாங்கள் போடும் விளம்பரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் பில்லிங் சர்வீஸ் பைத்தானிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஓடுகிறது. பணம் கட்டும் நேரத்தில் நெட்வொர்க் அறுந்தால் சில சமயம் ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்படுகிறது. முதல் மாதம் நீங்கள் அதைச் சரிசெய்து, மறுபடி வராதபடி டெஸ்ட் எழுத வேண்டும். அடுத்த இரண்டு மாதம் ரீஃபண்ட் பகுதியை மாற்றி எழுத வேண்டும். உங்கள் நிரலைச் சரிபார்க்க ஒரு மூத்த டெவலப்பர் இருக்கிறார். தினமும் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) 13 மணி முதல் 17 மணி வரை ஆன்லைனில் இருக்க வேண்டும், மீதி நேரம் உங்கள் வசதி. இரவில் அழைக்க மாட்டோம். சம்பளம் மாதத்துக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை."

இதைப் படித்துவிட்டு ஒருவர், "இரண்டு முறை பிடிப்பதற்குக் காரணம் உங்கள் பக்கத்து ரீட்ரையா (பதில் வராதபோது கோரிக்கையைத் திரும்ப அனுப்புவது), பேமெண்ட் கேட்வேயா (பணத்தைப் பிடித்துத் தரும் இடைச் சேவை)?" என்று கேட்டு எழுதினால் அவருடைய ரெஸ்யூமேவைத்தான் நான் முதலில் திறப்பேன்.

சம்பள வரம்பை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. குறைவாக வாங்கிக்கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் கடைசிவரை குறைவாகவே வாங்க வேண்டியதாகிறது. அப்படி வந்தவர் சந்தை விலை தெரிந்ததும் கிளம்பிவிடுவார், அதில் தப்பும் இல்லை.

நாட்டைக் கடிகாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

போலந்து, ருமேனியா, உக்ரைன், வியட்நாம், பிலிப்பைன்ஸ், இந்தியா, பிரேசில், அர்ஜென்டினா, கொலம்பியா, கென்யா, நைஜீரியா என்று பட்டியல் நீளம். எல்லா இடத்திலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எனவே நான் முதலில் பார்ப்பது இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு என்பதைத்தான். நாலு மணி நேரம் ஒன்றாகக் கிடைத்தால் கிட்டத்தட்ட ஒரே அலுவலகம் மாதிரிதான் வேலை ஓடும். இரண்டு மணி நேரம் என்றால் எழுத்துப் பழக்கம் நன்றாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால், தனியாக முடித்துத் தரக்கூடிய வேலையை மட்டும் கொடுங்கள்.

நியூயார்க்கில் இருப்பவருக்குக் கொலம்பியா குளிர்காலத்தில் ஒரே நேரம், கோடையில் ஒரு மணி வித்தியாசம். லண்டனுக்கு வார்சா எப்போதும் ஒரு மணி முன்னால். பெர்லினுக்கும் நைரோபிக்கும் ஒன்றோ இரண்டோ மணிதான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மணிலா 15 அல்லது 16 மணி தள்ளி இருக்கிறது. அங்கே ஆள் எடுத்துவிட்டு, "எங்கள் நேரத்துக்கு வாருங்கள்" என்று சொன்னால் அவர் ஆயுளெல்லாம் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார் என்று அர்த்தம். உடம்பு எத்தனை வருடம் தாங்கும்? அப்படி ஒரு ஏற்பாட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடிகாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அமெரிக்கா கோடைகாலத்துக்காக மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பி வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இந்தியா, வியட்நாம், கென்யா, கொலம்பியா எதுவும் மாற்றுவதே இல்லை. எனவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் மூன்று கண்டங்களில் ஆள் இருக்கும் டீமில் மீட்டிங் நேரம் குழம்பிவிடும். காலண்டரில் எந்த ஊர் நேரத்துக்கு மீட்டிங் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

சம்பளம் எவ்வளவு வைப்பது?

இதில் பெரிய நிறுவனங்களிலேயே இரண்டு கட்சி உண்டு. நிரல் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப், ஆள் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தைக் கணக்கிடுகிறது. பேஸ்கேம்ப் மென்பொருளைச் செய்யும் 37சிக்னல்ஸ், எங்கே இருந்தாலும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்கிறது. சின்ன டீமுக்கு நான் சொல்வது நடுவழி: அந்த நாட்டில் அந்த வேலைக்கு நல்ல நிறுவனங்கள் தரும் மேல்தட்டுச் சம்பளத்தைக் கண்டுபிடித்து, அதைத் தொடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வருடாவருடம் எடுக்கும் டெவலப்பர் சர்வேயில் நாடுவாரியாகச் சம்பள விவரம் கிடைக்கிறது, தொடங்க அது போதும். உங்களுக்குப் போட்டி அவருடைய ஊர் நிறுவனம் மட்டும் இல்லை. உங்களைப் போலவே வெளிநாட்டிலிருந்து தேடிவரும் இன்னொருவரும் போட்டிதான்.

ஃப்ரீலான்சராக எடுத்தால் ஒன்றைக் கணக்கில் சேருங்கள். வரி, மருத்துவக் காப்பீடு, விடுமுறை, லேப்டாப், மின்சாரம் போனால் பேட்டரி என்று எல்லாம் அவர் செலவு. ஊழியர் சம்பளத்துக்கு மேல் குறைந்தது கால் பங்கு கூட்டித்தான் நான் பேசுவேன்.

எந்தப் பணத்தில் தருவது என்பதும் சம்பளத்தில் ஒரு பகுதி. 2023 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு பெசோவின் மதிப்பை ஒரே அடியில் பாதிக்கும் மேல் குறைத்தது. அதே வருடம் ஜூனில் நைஜீரியாவின் நைராவும், 2024 மார்ச்சில் எகிப்தின் பவுண்டும் பலமாகச் சரிந்தன. அந்த நாடுகளில் உள்நாட்டுப் பணத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தவர்களின் உழைப்பின் மதிப்பு சில நாட்களிலேயே பலமாகக் குறைந்துவிட்டது. டாலரிலோ யூரோவிலோ போடுங்கள். ஊழியராகச் சேர்க்கும்போது சட்டப்படி உள்நாட்டுப் பணத்தில்தான் தரவேண்டும் என்றால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தைத் திருத்துவோம் என்று எழுதிவிடுங்கள்.

இண்டர்வியூவில் நான் பார்ப்பது

பலகையில் அல்காரிதம் எழுதச் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு சின்ன நிரலைத் திரையில் போட்டு, "இதை வாய்விட்டுப் படியுங்கள்" என்பேன். பணத்தைப் பிடிக்கச் சொல்லிக் கேட்வேக்கு ஒரு கோரிக்கை போகும். பதில் வராவிட்டால் மூன்று முறை திரும்ப அனுப்பும் லூப். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக ஒரு அடையாள எண் உருவாகிறது என்பதுதான் அதிலுள்ள ஓட்டை. பதில் வரும் வழியில் தொலைந்திருந்தால், கேட்வே அடுத்த முயற்சியைப் புதுக் கட்டணமாகவே எடுத்துக்கொள்ளும்.

சிலர் மாறிகளின் பெயரைத் திருத்தச் சொல்வார்கள். சிலர் லைப்ரரியை மாற்றச் சொல்வார்கள். ஒருவர் பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்வே பணத்தை எடுத்துவிட்டது, ஆனால் நமக்குச் சொல்லவில்லை என்றால் இந்த வரியில் என்ன ஆகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவரைத்தான் தேடுகிறேன். அவர் ஆங்கிலம் தடுமாறிப் பேசினாலும் பரவாயில்லை. பேச்சு சரளமாக இருப்பதை வைத்துத் திறமையை அளப்பதுதான் வெளிநாட்டு ஆள் எடுப்பதில் அதிகம் நடக்கும் அநியாயம். எழுத்து மட்டும் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் தினசரி வேலை எழுத்தில்தான் நடக்கும்.

அப்புறம் ஒரு ட்ரயல். சம்பளத்தோடு. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் பல வருடமாகப் பணம் கொடுத்து ட்ரயல் வேலை வைத்து ஆள் எடுத்துவந்திருக்கிறது. நாங்களும் அப்படியே. உண்மையான ஒரு சின்ன வேலை, தனி ரெப்போ (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்), வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாத போலி டேட்டா, முடிக்க ஒரு வாரம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் உண்டு என்று முதலிலேயே எழுதித் தருவோம். ட்ரயலில் நான் முக்கியமாகப் பார்ப்பது, புரியாத இடத்தில் எப்போது கேட்டார் என்பது. முதல் நாளே கேட்டவர், ஐந்தாம் நாள் கேட்டவர், கடைசிவரை கேட்காமல் ஊகித்து எழுதியவர் மூவரில், தூரத்தில் வேலை செய்ய முதல் ஆள்தான் சரி.

ஒரு விஷயத்துக்குப் பொறுமை வேண்டும். இந்தியாவின் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். வேலையை உதறிவிட்டு உடனே வரச்சொல்லி நெருக்காதீர்கள்.

அந்த முகம் அவருடையதுதானா?

2022 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை, நிதித் துறை, எஃப்.பி.ஐ. மூன்றும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டன: வடகொரியாவின் ஐ.டி. ஆட்கள் வேறு நாட்டினர் பெயரில் ரிமோட் வேலைகளில் சேர்ந்து, சம்பளத்தை அரசுக்கு அனுப்புகிறார்கள் என்று. 2024 ஜூலையில் நோபி4 என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனமே தாங்கள் அப்படி ஒருவரை வேலைக்கு எடுத்துவிட்டதை வெளியில் சொன்னது. நாலு வீடியோ இண்டர்வியூ தாண்டி வந்தவர் அவர். அனுப்பிய கம்ப்யூட்டரில் உடனே தீய மென்பொருள் ஏற ஆரம்பித்ததால் பிடிபட்டார். அரிசோனாவில் ஒருவர், இந்த வடகொரிய ஆட்கள் அமெரிக்காவில் இருப்பதுபோல் தெரிவதற்காக வீட்டிலேயே நிறைய லேப்டாப்களை ஓடவிட்டு, 300க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஏமாற்றத் துணைபோன வழக்கில் 2025இல் சிறைத் தண்டனை பெற்றார். தடை விதிக்கப்பட்ட நாட்டுக்குப் பணம் போனால், தெரியாமல் கொடுத்திருந்தாலும் சட்டச் சிக்கல் வரலாம்.

இதற்காக எல்லோரையும் சந்தேகப்படவேண்டாம். அடையாள அட்டையில் இருப்பவரும் வீடியோவில் வருபவரும் ஒருவர்தானா, வங்கிக் கணக்கு அவர் பெயரில்தான் இருக்கிறதா, லேப்டாப் அனுப்பவேண்டிய முகவரியைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறாரா, முந்தைய நிறுவனத்தின் பொது எண்ணில் கூப்பிட்டால் இவரைத் தெரிகிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகும் அவ்வப்போது கேமராவில் பேசுங்கள். எல்லா நாட்டு ஆளுக்கும் ஒரே சோதனை வையுங்கள். சிலரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம்.

எந்த வகையில் சேர்ப்பது?

நாலு வழி. ஒன்று, ஃப்ரீலான்சராக நேரடி ஒப்பந்தம். இரண்டு, ஏஜென்சி மூலம். மூன்று, "டீல்", "ரிமோட்" என்ற பெயர்களில் இருப்பவை போன்ற நிறுவனங்கள் உங்களுக்காக அந்த நாட்டில் ஊழியராக வைத்துக்கொடுப்பது. நாலு, அங்கே சொந்தக் கம்பெனி தொடங்குவது. கடைசி வழி பெரிய டீமுக்கு மட்டும். ஏஜென்சியை எடுத்தால் நீங்கள் கொடுப்பதில் ஆளுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் விலகிக்கொள்வேன். நான் ஏஜென்சி வழியாக உழைத்த நாட்களில் வாடிக்கையாளர் கட்டியதில் எனக்கு வந்தது சின்னப் பங்கு, அது தெரியவந்த மாதமே மனம் விட்டுப்போனது.

ஒன்றிரண்டு மாத வேலைக்கு ஃப்ரீலான்சர் ஒப்பந்தம் போதும். ஆனால் ஒரே நிறுவனத்துக்கு முழுநேரமாக, நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் கொடுத்த லேப்டாப்பில், வருடக்கணக்கில் வேலை செய்கிறவரைத் தாளில் "ஃப்ரீலான்சர்" என்று எழுதிவிட்டால் மட்டும் ஆகாது. பல நாட்டுச் சட்டம் அவரை ஊழியர் என்றே பார்க்கும். ஊழியர் என்றால் உரிமைகளும் வரும். பிலிப்பைன்ஸில் 1975 முதல், பிரேசிலில் 1962 முதல் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் (வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக) சட்டப்படி தரவேண்டியது. வேலையிலிருந்து எடுக்க நோட்டீஸ், இழப்பீடு என்று நாட்டுக்கு நாடு வேறுபடும். நீண்ட நாள் ஆள் என்றால் மாதாந்திரக் கட்டணம் கொடுத்தாவது மூன்றாவது வழியில் ஊழியராகச் சேர்த்துவிடுங்கள். அவருக்கும் வீட்டுக் கடன் கேட்க ஒரு சம்பளச் சீட்டு கிடைக்கும்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பதில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். காசு கொடுத்தோம், அதனால் நம்முடையது என்று நினைப்பது தவறு. பல நாடுகளில் ஊழியர் எழுதியது நிறுவனத்துக்கு, ஃப்ரீலான்சர் எழுதியது எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருக்கே. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 19 இன்னும் நுணுக்கமானது: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அமெரிக்காவிலும் ஃப்ரீலான்சர் எழுதும் மென்பொருள் தானாகவே காசு கொடுத்தவருக்குப் போய்விடுவதில்லை. எனவே "உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் வரை, பணம் கிடைத்ததும் உரிமை மாறுகிறது" என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். "பணம் கிடைத்ததும்" என்ற சொல்லை எழுதுபவர் பக்கத்துக்காகச் சேர்க்கிறேன், அது நியாயம்.

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பு என்று போடுவது நல்லது. 1958 நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், ஒரு நாட்டில் வாங்கிய நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழி இருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் விவரத்தை வெளிநாட்டு ஆள் தொடப்போகிறார் என்றால் ஜி.டி.பி.ஆர். என்ற ஐரோப்பியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதற்கும் வரிக்கும் ஒரு வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் பார்த்துவிடுங்கள்.

பணம் போய்ச் சேரும் நாள்

நிறுவனத்தின் நேர்மை தூரத்தில் இருப்பவருக்குத் தெரிய ஒரே ஜன்னல் இதுதான். பணம் வராமல் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம் வேலை செய்திருக்கிறேன். அந்த நாட்களில் நிரலைவிட வங்கிச் செயலியைத்தான் அதிகம் திறந்து பார்த்தேன். மாதத்தில் ஒரு தேதி வையுங்கள். அதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும்.

வங்கி வழியாக அனுப்பும்போது கட்டணத்தை அனுப்புபவர் ஏற்பதா, பங்கிடுவதா, பெறுபவர் ஏற்பதா என்று கேட்கும். அனுப்புபவர் ஏற்பது என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து, இன்வாய்ஸில் இருப்பதைவிடக் குறைவாகப் போய்ச் சேரும், அதற்கு அவர் தன் நாட்டு வரித் துறைக்கு விளக்கம் எழுதவேண்டிவரும். வைஸ், பேயோனியர் போன்றவை பல நாடுகளுக்கு எளிது. ஆனால் அவருடைய நாட்டில் எது ஓடுகிறது என்று அவரிடமே கேளுங்கள். அமெரிக்க நிறுவனம் என்றால் வெளிநாட்டுத் தனிநபரிடம், வரிக் கணக்கில் தான் அமெரிக்கர் இல்லை என்று அவர் சொல்லும் டபிள்யூ-8பென் படிவத்தை வாங்கிக் கோப்பில் வைக்கவேண்டும்.

முதல் வாரங்கள்

முதல் நாளில் எல்லா அனுமதிகளும் தயாராக இருக்கட்டும். இரண்டு நாள் பாஸ்வேர்டுக்காகக் காத்திருந்தவருக்கு உற்சாகம் வடிந்துவிடும். அதே சமயம் தேவையானதற்கு மட்டும் அனுமதி: வாடிக்கையாளரின் உண்மை விவரம் இருக்கும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் வேண்டாம், இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், முடிந்தால் யூ.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி. ரெப்போவில் ரகசியச் சாவிகள் கிடக்கின்றனவா என்று அவர் வருமுன்பே தேடிவிடுங்கள்.

நாள் முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு குறிப்பு விட்டுப்போவது எங்கள் வழக்கம். உதாரணத்துக்கு ஒன்று: "ரீட்ரையில் ஒரே அடையாள எண்ணைப் பயன்படுத்தும்படி மாற்றிவிட்டேன். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்திருக்கிறது. இரண்டு டெஸ்ட் விழுகின்றன, டெஸ்டில் உள்ள பழைய போலி கேட்வே, அந்த அடையாள எண்ணைக் கவனிப்பதில்லை என்பதால் என்று நினைக்கிறேன். பாதி ரீஃபண்டுக்குப் புது எண் வேண்டுமா, பழையதா? காலையில் பதில் இருந்தால் அதிலிருந்து தொடங்குவேன், இல்லாவிட்டால் லாகிங்கைப் பார்க்கிறேன்." கடைசி வரியில்தான் குறிப்பின் மதிப்பு. பதில் வராவிட்டாலும் அவருடைய நாள் வீணாகாது. உங்கள் கடமை, அந்தக் கேள்விக்கு நீங்கள் தூங்கப்போகும் முன் பதில் எழுதிவிடுவது.

முடிவுகளையும் எழுத்தில் வையுங்கள். அலுவலகத்தில் இருக்கும் நாலு பேர் பேசி முடித்துவிட்டுத் தூரத்தில் இருப்பவருக்குப் பிறகு தெரிவிப்பது வழக்கமாகிவிட்டால் அவர் ஏவல் ஆளாகிவிடுவார். அவர் இருக்கும் மீட்டிங்கில் எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே சேருங்கள். கிட்லேப் தன் கையேட்டை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது, எந்த விஷயத்தை எந்த அளவு எழுதுவது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வருடம் ஆனதும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் சம்பளத்தை நீங்களே எடுத்துப் பேசுங்கள். அந்த நாட்டுச் சந்தை நகர்ந்திருக்கும், அவருடைய கைத்திறனும் கூடியிருக்கும். பிரிகிற நாள் வந்தால் அனுமதிகளின் பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும்: ரெப்போ, கிளவுட், மெயில், சாட், பாஸ்வேர்டு பெட்டகம். அன்றே எல்லாவற்றையும் மூடிவிட்டு, கடைசி மாதப் பணத்தையும் அன்றே அனுப்புங்கள். அவர் கேட்காமலே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி, என்ன வேலை செய்தார் என்பதை அதில் விவரமாகச் சொல்லுங்கள்.